தகட்டில் விட்ட அரை அங்குலம்

மூடிப்போன தையல் கம்பெனியின் பன்னிரண்டு பெண்களும் அன்றைக்குத் தேர்வு எழுதினோம். எழுதினோம் என்பது பேச்சுக்குத்தான், கையில் இருந்தது தகரம் வெட்டும் கத்தரி. ஏசிக்குக் காற்றுக்குழாய் செய்யும் தொழிற்சாலைக்கு ஆள் கிடைக்கவில்லை, எங்களுக்கு வேலை கிடைக்கவில்லை. தொழிற்பயிற்சி நிலையம் நடுவில் புகுந்து இரண்டு தரப்புக்கும் முடிச்சுப் போட்டது. மூன்று மாதப் பயிற்சி, கடைசியில் ஒரு தேர்வு, அறுபது மார்க் எடுத்தால் வேலை. எட்டு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்து எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. இந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும்.

பக்கத்து மேசையில் என் நாத்தனார், கணவரின் தங்கை. வாய்க்குப் பூட்டே கிடையாது. தேர்வில் பேசினால் மார்க் போகும் என்று தொழிற்சாலையிலிருந்து வந்த மேடம் சொன்னபோது எல்லோரும் அவளைத்தான் பார்த்தோம்.

பன்னிரண்டு அங்குல நீளத்தில் ஒரு சதுரக் குழாய் செய்து, மேடம் வைத்திருக்கும் இரும்புச் சட்டத்தில் மாட்டிக் காட்ட வேண்டும். பயிற்சியில் மாஸ்டரே தகட்டில் கோடு போட்டுக் கொடுத்துவிடுவார். இன்றைக்கு வெறும் தகடு. கோடு போட்டேன், வெட்டினேன், அளந்தேன். பதின்மூன்று அங்குலம்.

இரண்டு ஓரத்திலும் அரை அங்குலம் விட்டிருந்தேன், தையலுக்கு. இருபது வருடம் துணிக்கு விட்டுப் பழகிய கை, தகட்டுக்கும் தாராளமாக விட்டுவிட்டது. தகட்டில் யாரடி தைக்கப் போகிறார்கள்? நிமிர்ந்து பார்த்தால் மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். என்னைப் பார்த்து அல்ல. பன்னிரண்டு மேசையிலும் பதின்மூன்று அங்குலம்!

வேறு தகடு கிடையாது. இருந்த நேரம் இருபத்தைந்து நிமிடம். அரை அங்குலத்தை நறுக்கி எடுக்கப் போனால் ஓரம் பல் பல்லாகப் பிய்ந்துவிடும், அந்தக் கையோடு வேலையும் போய்விடும். சட்டென்று பொறி தட்டியது. துணி நீளமாகிவிட்டால் நறுக்குவோமா என்ன, மடிப்போம். தகடும் மடியும். மூலை வரும் இடத்தில் மட்டும் சின்ன வெட்டு கொடுத்து, ஓரத்தை வெளிப்பக்கமாக மடித்தால் கணக்கு சரி. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அந்த மேசை மேலேயே ஏறி ஆடியிருப்பேன்.

அதற்குள் நாத்தனார் கத்தரியைத் தூக்கிவிட்டாள், நறுக்க. எதிர் மேசையிலும் தூக்கிவிட்டார்கள். பேசாமல் என் வேலையைப் பார்த்திருக்கலாம். முடியவில்லை.

"யாரும் நறுக்காதீங்க. மூலையில வெட்டு குடுத்து, வெளிப்பக்கமா மடிங்க."

கூடம் முழுக்கக் கேட்டது. மேடம் நிமிர்ந்தார், குறித்துக்கொண்டார். நான் யாரையும் பார்க்காமல் மடிக்க ஆரம்பித்தேன். பன்னிரண்டு பேரும் மடித்தோம். சுத்தியல் சத்தத்தில் காது அடைத்தது, எனக்கு அது மேளச் சத்தமாகத்தான் இருந்தது.

குழாய் ஒவ்வொன்றாகச் சட்டத்தில் போய் உட்கார்ந்தது. என்னுடையதை மாட்டும்போது மேடம் ஓரத்தில் விரலை வைத்து மெல்லத் தடவினார். விரல் கிழியவில்லை. மடித்தால் ஓரம் கையை அறுக்காது என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"யோசனை நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா பேசினதுக்குப் பதினஞ்சு மார்க் குறைச்சிருக்கேன்."

சரி என்று தலையாட்டினேன். பட்டியலைச் சுவரில் ஒட்டியதும் பதினொரு பேர் முண்டியடித்துக்கொண்டு ஓடினார்கள். நான் மேசையில் கிடந்த தகரத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நாத்தனார்தான் பார்த்துவிட்டு வந்தாள். வாயைத் திறந்தால் மூடாதவள், என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் அழுதாள். போச்சு என்று நினைத்தேன்.

"அறுபத்தி ரெண்டு அண்ணி," என்றாள் கடைசியில். "திங்கக்கிழமை பன்னெண்டு பேரும் வேலைக்குப் போறோம்."