விரிப்பின் மறுமுனை

லாண்டரியில் அவருக்கு சிஐடி என்று பெயர். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் அந்த மூக்கும் காதும் இருக்கிறதே, அப்பப்பா! யார் நேற்றுக் குளிக்கவில்லை, யார் புதுச் செருப்பு கடித்து நொண்டுகிறார்கள், யார் வீட்டில் விடிகாலையிலேயே சண்டை, எல்லாம் உள்ளே நுழைந்ததும் சொல்லிவிடுவார். அவரிடம் எதையும் மறைக்க முடியாது என்று எல்லோரும் நம்பினார்கள். எல்லோரையும்விட அவர் அதிகமாக நம்பினார். வினை அங்கேதான் பிடித்தது.

அவர் மனைவிக்கும் அங்கேதான் வேலை. ஹோட்டல்களிலிருந்து வரும் பெரிய படுக்கை விரிப்புகளை ஒற்றை ஆள் மடிக்க முடியாது. ஒரு முனையை அவர் பிடிப்பார், மறுமுனையை அவள் பிடிப்பாள். துவைக்கும் இயந்திரமும் உலர்த்தும் இயந்திரமும் போடுகிற இரைச்சலில், பக்கத்தில் நிற்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அவர்கள் பேச்செல்லாம் துணி வழியாகத்தான். ஒரு இழுப்பு என்றால் சரி, மடிக்கலாம். இரண்டு என்றால் கறை இருக்கிறது, ஒதுக்கு. சும்மா ஒரு சின்ன நடுக்கம் வந்தால், அவள் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். எதற்கென்று தெரியாமலே இவரும் சிரிப்பார். காரணம் வீட்டுக்குப் போகும் வழியில் தெரியும்.

வீட்டில் வேறு ஏற்பாடு. கல்யாணமான புதிதில், அவள் கதவோரம் நிற்பது தெரியாமல் விறுவிறுவென்று வந்தவர் அவள்மேல் மோதி, இரண்டு பேரும் உருண்டார்கள். அன்றிலிருந்து அவள் வீட்டுக்குள் நடமாடும்போதெல்லாம் ஏதாவது ஒரு மெட்டை முனகிக்கொண்டே இருப்பாள். முனகல் அடுப்படியில் கேட்டால் அவள் அடுப்படியில். ஜன்னலோரம் கேட்டால் துணி காயப்போடுகிறாள். அவருக்கு வீடு என்பது சுவரும் கூரையும் இல்லை, அந்த முனகல்தான். அதுவும் சுருதி சுத்தமாக இருக்கும். சுருதி விஷயத்தில் மனுஷர் பொல்லாதவர். ரேடியோவில் யாராவது தப்பாகப் பாடினால் காது கூசுகிறது என்று அணைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். ஒரு விருந்தில் அவள் அண்ணன், அதாவது மச்சான், பாடித் தொலைத்ததை இன்றுவரை சொல்லிச் சொல்லிக் காட்டுகிறார்.

அந்த முனகல் கொஞ்ச நாளாக நின்றுபோயிருந்தது.

கேட்டதற்குத் தொண்டை சரியில்லை என்றாள். சரி, ஆகிற வயசுதானே என்று விட்டார். அப்புறம் பார்த்தால், கூடத்திலிருந்து கூப்பிட்டால் பதில் இல்லை. அடுப்படி வாசலில் நின்று கேட்டாலும் பதில் இல்லை. அதே மனுஷி, சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்தால் பழையபடி சிரித்துப் பேசுகிறாள். இது என்ன கூத்து என்று அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டு தடவை அவள்மேலேயே மோதிக்கொண்டார். கடைக்குப் போய் வருகிறேன் என்று சாயங்காலம் கிளம்பியவள், வெறும் பையோடு திரும்பி வந்தாள். பையில் கனம் இல்லாதது அது மேசையில் விழுந்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அவள் உடையில் இருமல் மிட்டாய் வாசனை வேறு.

இருமல் மிட்டாய் என்றால் மச்சான். இருமல் இருக்கிறதோ இல்லையோ, மிட்டாய் அவர் வாயில் இருக்கும். தங்கையை இவருக்குக் கட்டிக்கொடுக்க அந்த மனுஷர் லேசில் சம்மதிக்கவில்லை. கண்ணில்லாதவனோடு எத்தனை நாள் ஓட்டுவாய், ஒருநாள் நீயே அலுத்துப்போய் என் வீட்டு வாசலில் வந்து நிற்பாய் என்று அன்றைக்குச் சொன்னார். பிற்பாடு சமாதானமாகி, மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று உருகினார் என்பது வேறு விஷயம். சொன்ன சொல் இவர் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

சிஐடி கணக்குப் போட்டார். பதில் பேசுவதில்லை. முனகல் இல்லை. அண்ணன் வீட்டுக்குத் திருட்டுத்தனமாகப் போய் வருகிறாள். அலுத்துவிட்டது, அவ்வளவுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு அதற்குக் கண்கூடத் தேவைப்படவில்லை.

நேரே கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே! ஒன்று மட்டும் அவருக்குப் புரியவே இல்லை. லாண்டரியில் விரிப்பைப் பிடித்துவிட்டால் அவள் பழைய மனுஷிதான். இழுத்தால் உடனே இழுப்பு வரும், நடுக்கம் வரும், சிரிப்பு வரும். வேலை நேரத்தில் மனைவி இருந்தாள். வீட்டுக்கு வந்தால் காணாமல் போனாள்.

அதனால் ஒரு வேலை செய்தார். தினமும் அந்த இரைச்சலுக்குள்ளே, தலையைக் குனிந்துகொண்டு, மனசிலிருப்பதை வாய்விட்டுக் கேட்டுப் பார்ப்பார். யாருக்கும் கேட்கப்போவதில்லை. கேட்டுவிட்டோம் என்று கொஞ்சம் பாரம் குறையும். ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கும் பெரிய விரிப்பு ஒன்றைப் பிடித்தபடி ஆரம்பித்தார். கேள்வி பாதி வாயில் இருக்கும்போது கரண்ட் போயிற்று. இயந்திரமெல்லாம் ஒரே மூச்சில் அடங்கின. இவர் குரல் அடங்கவில்லை. இரைச்சலுக்குப் பழகிய குரல் அல்லவா, கூடம் முழுக்கக் கணீரென்று ஒலித்தது.

"என்னை விட்டுட்டு உங்க அண்ணன் வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கியா?"

இஸ்திரி மேசைப் பக்கம் யாரோ பெட்டியை டக்கென்று கீழே வைத்தார்கள். சூப்பர்வைசர் அம்மா நடந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவருக்கு முகமெல்லாம் தீயாக எரிந்தது. மானம் கப்பலேறியாகிவிட்டது, இனி அவள் வாயிலிருந்து வருவது வரட்டும் என்று காத்திருந்தார்.

ஒன்றும் வரவில்லை. வாயிலிருந்து மட்டும் இல்லை, துணியிலிருந்தும் வரவில்லை. அவள் கை அதிர்ந்திருந்தால், ஒரு விரல் திடுக்கிட்டிருந்தால்கூட விரிப்பு அவருக்குச் சொல்லியிருக்கும். அது அமைதியாகத் தொங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, வழக்கம்போல, ஒரு இழுப்பு வந்தது. சரி, மடிக்கலாம்.

கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது, அவளுக்கு மட்டும் கேட்கவில்லை.

மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு உரக்கக் கூப்பிட்டார். பக்கத்து மேசைப் பெண்ணும் அக்கா அக்கா என்றாள். துணி அசையவில்லை. அவர் விரலால் லேசாக ஒரு இழுப்பு இழுத்தார். மறுநொடி அங்கிருந்து பதில் வந்தது. அட மடையா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். எதிரே உட்கார்ந்தால் உதட்டைப் பார்த்துப் பேசியிருக்கிறாள். முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றால் பதில் இல்லை. முதுகா முகமா என்று இவருக்கு எப்படித் தெரியும்? ஊர் உலகத்தையே மோப்பம் பிடித்த சிஐடிக்கு, பக்கத்தில் படுத்திருப்பவளின் காது போனது தெரியவில்லை.

விரிப்பை மடித்தார். மடிப்புக்கு ஓர் எட்டு வைத்து அவள் அருகே போனார். நுனியும் நுனியும் சேர்கிற இடத்தில் எப்போதும்போல இரண்டு பேர் கையும் தொட்டுக்கொண்டன. அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, முகத்தை அவள் பக்கம் நன்றாக நிமிர்த்தி, உதடு தெரியும்படி நிதானமாகக் கேட்டார்.

"உனக்குக் காது கேக்கலையாம்மா?"

இப்போது கை அதிர்ந்தது. அவர் மணிக்கட்டில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது.

"உங்களுக்குக் கண்ணா இருப்பேன்னு சொல்லித்தானே வந்தேன்," என்றாள். தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காததால் கொஞ்சம் சத்தமாகவே வந்தது. "நீங்க கூப்பிட்டாக்கூடக் கேக்காதுன்னா, அப்புறம் நான் எதுக்குங்க?"

"காது என்கிட்ட ரெண்டு இருக்கு," என்றார். "ஒண்ணை நீ வச்சுக்கோ."

சூப்பர்வைசர் அம்மா மூக்கை உறிஞ்சினாள். அன்றைக்கு அவள் யாரையும் விரட்டவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் எல்லாம் வெளியே வந்தது. இயந்திர இரைச்சலிலேயே வருஷக்கணக்காக நின்றதில் ஒரு காது அநேகமாகப் போய்விட்டது, இன்னொன்றிலும் கொஞ்சநஞ்சம்தான் மிச்சம். காது மிஷின் வரும், ஆனால் பழைய மாதிரி இருக்காது. அண்ணன்தான் டாக்டரிடம் கூட்டிப் போனார். மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு, மறைக்காதே என்று ஒவ்வொரு தடவையும் திட்டினாராம். இவள்தான் காதும் காதும் வைத்த மாதிரி இருக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். மச்சானை மனசுக்குள் வைத வசவையெல்லாம் நினைத்து இவருக்கு வெட்கமாகிவிட்டது. இனி அந்த மனுஷர் எங்கே பாடினாலும் கைதட்டுவது என்று முடிவு செய்தார்.

முனகலை ஏன் நிறுத்தினாய் என்று உதடு தெரியக் கேட்டார். சுருதி தப்பும், முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால்தான் என்றாள்.

அவர் தெருவிலேயே நின்று அவள் பக்கம் திரும்பினார். "சுருதி யாருக்கு வேணும்? நீ எங்கே இருக்கேன்னு தெரியாம நான் தவிச்சுப் போயிட்டேன்."

அன்றைக்குச் சாயங்காலம் அடுப்படியில் முனகல் கேட்டது. அடடா, கோரம்! மச்சான் எவ்வளவோ தேவலை. ஒரு இடத்தில் மேலே ஏறி, இறங்க வழி தெரியாமல் அங்கேயே நின்றது. ஆனால் அது அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வந்தது, ஜன்னலுக்குப் போனது, திரும்பி அவர் பக்கத்தில் வந்தது. வீடு மறுபடியும் வீடாக இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கை துடைத்துக்கொண்டிருந்த துவாலையோடு வந்து நின்று, "சரியா வருதா?" என்று கேட்டாள்.

அவர் துவாலையின் நுனியைத் தேடிப் பிடித்து, ஒரு இழுப்பு இழுத்தார்.

மறுமுனையிலிருந்து மெல்ல ஒரு நடுக்கம் வந்தது.