ஐம்பத்தெட்டு சாய்கோடு முப்பத்தொன்று

சனிக்கிழமை சாயங்காலம் சமையலறை ஜன்னலோரம் கொக்கின் இடது கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள் மனைவி. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெல்டிங் பொறி பட்ட தழும்புகள். பழையவை வெள்ளையாகவும் புதியவை சிவப்பாகவும் கிடந்தன.

"இதுல எங்க பச்சை குத்துவாங்க? அம்மை போட்ட மாதிரில்ல இருக்கு."

"உள்பக்கம். மாஸ்க்கைத் தூக்கும்போது தெரியணும்."

"யாருக்கு?"

"பாக்கிறவனுக்கு."

அவள் கையை விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். கொக்கு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினான். மூடினால் எரிச்சல், திறந்தால் மங்கல். இரண்டு மாதமாக இப்படித்தான்.

கொக்கு என்பது வேலையிடத்தில் வைத்த பெயர். ஆள் ஆறடி. குழாயில் தோளைச் சாய்த்து, ஒரு காலை மடக்கி, மறுகாலில் நின்றபடியே வெல்டிங் அடிப்பான். இருபத்தாறு வருஷம் அப்படி நின்றதில் இடுப்பு ஒரு பக்கமாகவே இறங்கிப்போயிருந்தது. வீட்டில்கூட நேராக நிற்கத் தெரியாது.

ரசாயனத் தொழிற்சாலைக் குழாய்களில் வேலை. அங்கே ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பர் வெட்டிய இரும்பு அச்சை, பன்ச் என்பார்கள், இடுப்புப் பையிலேயே வைத்திருப்பார்கள். ஒரு ஜாயிண்ட்டை முடித்ததும் அதன் பக்கத்தில் பன்ச்சை வைத்துச் சுத்தியலால் ஒரே போடு. பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே ஓட்டை, வெடிப்பு என்று ஏதாவது தெரிந்தால் யார் சட்டையைப் பிடிப்பது என்று தேட வேண்டியதில்லை. கொக்கின் நம்பர் முப்பத்தொன்று.

இவர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. தொடர்ந்து ஆயிரம் ஜாயிண்ட் எக்ஸ்ரேயில் அடிபடாமல் போட்டவன்தான் தன் நம்பரைக் கையில் பச்சை குத்திக்கொள்ளலாம். நடுவில் ஒன்று போனாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. இந்தத் தொழிலில் மாலையும் கிடையாது, மேடையும் கிடையாது. இருப்பது இது ஒன்றுதான். முப்பது பேரில் நாலு பேர் கையில் இருந்தது.

கொக்கு இரண்டு தடவை சறுக்கியிருந்தான். முதல் தடவை நானூற்றுச் சொச்சத்தில். இரண்டாவது தடவை எழுநூற்றெழுபதில். அன்றைக்கு வெல்டிங்கில் காற்று படாமல் மறைத்திருந்த தார்ப்பாயைக் காற்று தூக்கி, ஒரு நொடி உள்ளே புகுந்துவிட்டது. அவ்வளவுதான். மூன்றாவது எண்ணிக்கை போன வியாழக்கிழமை ஆயிரத்தைத் தொட்டது. ஃபோர்மேன் சாரத்துப் பலகையில் சாக்கட்டியால் பெரிதாக எழுதி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பச்சை குத்தும் கடைக்குத் தானே கூட வருவதாகவும் சொன்னார்.

ஆனால் அதில் கடைசி அறுபத்திரண்டு அவனுடையது அல்ல. பாதிதான் அவனுடையது.

குழாயின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடிக்கிற முதல் கோட்டை ரூட் என்பார்கள். ஜாயிண்ட்டின் உயிரே அதில்தான். உருகும் இரும்பின் நடுவே கடுகளவு ஒரு துளை திறக்கும். அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டே கையை நகர்த்த வேண்டும். அது மூடினாலும் கெட்டது, பெருத்தாலும் கெட்டது. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலை, கொக்குக்கு அந்தத் துளை தெரியவில்லை. வெறும் ஆரஞ்சு நிறப் புகைதான் தெரிந்தது. மாஸ்க் கண்ணாடியைத் துடைத்தான், மாற்றினான், கண்ணைக் கழுவினான். ஒன்றும் நடக்கவில்லை. புரை என்றார் டாக்டர். இரண்டு கண்ணிலும். ஆபரேஷன் செய்தால் மாதக்கணக்கில் வெல்டிங்கைத் தொடக் கூடாது.

பக்கத்துச் சாரத்தில் வேலை பார்த்தவன் அவனுடைய சகலை. மனைவியின் தங்கை புருஷன். நம்பர் ஐம்பத்தெட்டு. வயதில் ஏழு சின்னவன், வாயில் எழுபது பெரியவன். அவன் கையில் நம்பர் ஏறி இரண்டு வருஷமாகிறது.

"தொள்ளாயிரத்து முப்பத்தெட்டுல வந்து கண்ணு போச்சுங்கறீங்க," என்றான் சகலை அன்றைக்கு. "அந்தக் கண்ணு கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? தார்ப்பாயை இழுத்து விடுங்க. ரூட்டை நான் போடறேன், மேல நீங்க நிரப்புங்க. ஆயிரம் ஆகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

மேலே நிரப்புவதற்கு அவ்வளவு கண் வேண்டாம், கைப்பழக்கம் போதும். தார்ப்பாய்க்குள் சகலை ரூட் போடுவான், கொக்கு டார்ச் லைட்டைப் பிடிப்பான். பிறகு சகலை தன் சாரத்துக்குத் தாவிப் போய்த் தன் வேலையைப் பார்ப்பான். கடைசியில் முப்பத்தொன்று என்று ஒரே போடு. அறுபத்திரண்டு முறை.

கதவு தட்டாமலே திறந்தது. மச்சினி வந்தாள். இரவல் வாங்கிப்போன பாத்திரத்தைத் திருப்பித் தர வந்தவள், அதை மேஜைமேல் வைத்த சத்தத்திலேயே விஷயம் வேறு என்று தெரிந்தது.

"என்னடி, பாத்திரத்தை உடைக்கவா வந்த?"

"ஒண்ணுமில்லக்கா. மாமா நாளைக்குப் பச்சை குத்திக்கிறாராமே, வாழ்த்திட்டுப் போகலாம்னு வந்தேன்." அவள் கொக்கின் பக்கம் திரும்பினாள். "கோவிச்சுக்காதீங்க மாமா. கையில நம்பர் ஏறுறது உங்களுக்கு. முதுகுக்குத் தைலம் தேய்ச்சுத் தேய்ச்சுக் கை மரத்துப்போறது எனக்கு."

"என்ன உளர்ற?" என்றாள் மனைவி.

"உளர்றேனா? ரெண்டு மாசமா மாமா வேலையையும் சேர்த்து எங்க வீட்டுக்காரர்தான் பாக்கிறார். உன்கிட்ட சொல்லலியா? சரி, இதையாவது ரெண்டு பேரும் கேளுங்க. செவ்வாய்க்கிழமை சாரத்து மேலயே தூங்கிட்டாராம். பெல்ட் மாட்டியிருந்ததால தொங்கினார். மாட்டலேன்னா நான் இப்ப இங்க நின்னு பேசிட்டிருக்க மாட்டேன்."

கொக்கு நிமிர்ந்தான். "முட்டி ஏணியில இடிச்சிருச்சுன்னுதானே சொன்னான்?"

"உங்ககிட்ட அப்படித்தான் சொல்லுவார். தைலம் தேய்க்கும்போது கேட்டாத்தான் உண்மை வரும்."

அவள் போன பிறகு மனைவி காய் நறுக்கப் போனாள். கத்தி பலகையில் தட்டிக்கொண்டிருந்தது.

"கண்ணைப் பத்தி சொன்னீங்க. இதைச் சொல்லலியே."

"என்னத்தைச் சொல்றது?"

"நாளைக்கு வேண்டாம்னு சொல்லிடுங்க."

"காரணம் கேட்டா?"

"ஊசின்னா பயம்னு சொல்லுங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. "உண்மையைச் சொன்னா பன்ச்சை வாங்கிட்டு சப்போர்ட்டுக்கு அனுப்பிடுவாங்க." குழாய்களைத் தாங்குகிற இரும்புக் கட்டைகளை வெல்டு பண்ணுவதுதான் சப்போர்ட் வேலை. அதற்கு எக்ஸ்ரே கிடையாது. எக்ஸ்ரே இல்லாததால் நம்பரும் கிடையாது. "நம்பர் இல்லாம அங்க போய் என்னன்னு நிக்கிறது?"

"இப்ப எப்படி நிக்கிறீங்களோ அப்படியே. ஒத்தைக் கால்ல," என்றாள் அவள். ஆனால் குரலில் கேலி இல்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியை அவன் கண்மேல் வைத்தாள்.

மறுநாள் மதியம் கடைக்குப் போனபோது ஃபோர்மேனும் சகலையும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். சின்னக் கடை, பல் டாக்டர் அறை மாதிரி ஒரு சாய்வு நாற்காலி, சுவர் முழுக்கப் படங்கள். பச்சை குத்துகிற பெண் ஒரு ஆல்பத்தை எடுத்து நீட்டினாள்.

"வெல்டருங்களுக்குன்னே டிசைன் இருக்கு சார். பாருங்க."

கொக்குக்குக் கலர் கலராக ஏதோ தெரிந்தது. சகலை எட்டிப் பார்த்து விவரம் சொன்னான்.

"மண்டையோடு. மாஸ்க்கைத் தலைக்கு மேல தூக்கி வச்சுட்டு வெல்டிங் அடிக்குது. அதான் மண்டையோடா ஆயிருச்சு போல. அடுத்தது றெக்கை வச்ச மாஸ்க். இதப் பாருங்க சகலை, இவன் கையில உறையும் இல்ல, மாஸ்க்கும் இல்ல. இப்படி அடிச்சா ஒரே நாள்ல கண்ணு அவ்…"

பாதியில் நிறுத்திக்கொண்டான். ஃபோர்மேனுக்கு எதுவும் விளங்கவில்லை.

"இதெல்லாம் வேண்டாம்மா. எங்களுக்குன்னு ஒரு முறை இருக்கு," என்ற ஃபோர்மேன் பையிலிருந்து உள்ளங்கை அகல இரும்புத் தகட்டையும் சுத்தியலையும் எடுத்தார். "அவரே அடிப்பாரு. அதைப் பாத்து நீ குத்தணும். எழுத்து அழகா இருக்கணும்னு திருத்தாத. கோணலா இருந்தா கோணலாவே குத்து."

கடை வாசல் படியில் தகட்டை வைத்துக் கொக்கு குந்தினான். குந்தியதும் எழுந்திருக்கவே கூடாது போல ஓர் அலுப்பு. பையில் கையை விட்டுப் பன்ச்சைத் தொட்டான். இருபத்தாறு வருஷத்தில் அதன் தலை அடிபட்டு அடிபட்டுக் காளான் மாதிரி மடங்கியிருந்தது.

"சகலை, உன் பன்ச்சைக் குடு."

"என்னோடது எதுக்கு?"

"குடுன்னா குடேன்."

அது எப்போதும் சாவிக்கொத்தோடு சகலையின் பாக்கெட்டில்தான் கிடக்கும். தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தான். கொக்கு தகட்டின் இடது பக்கம் அதை வைத்து ஒரு போடு போட்டான். ஐம்பத்தெட்டு. பிறகு சுத்தியலின் கூர்முனையால் ஒரு சாய்கோடு. அதற்கப்புறம்தான் தன்னுடையது. முப்பத்தொன்று. தகட்டைத் துடைத்து ஃபோர்மேனிடம் நீட்டினான்.

ஒரு ஜாயிண்ட்டை இரண்டு பேர் சேர்ந்து போட்டால் இரண்டு நம்பரும் அடிக்க வேண்டும் என்பது பழைய சட்டம். நடுவே சாய்கோடு. ரூட் போட்டவன் நம்பர் முதலில் வரும், மேலே நிரப்பினவன் நம்பர் பின்னால். அந்தத் தொழிலில் இருக்கிற எவனும் ஒரு பார்வையிலேயே படித்துவிடுவான்.

ஃபோர்மேன் படித்தார். மறுபடியும் படித்தார்.

"எத்தனை?"

"அறுபத்திரண்டு. கண்ணுல புரை. ரூட் தெரியல."

"ஐயா, அவர் மேல தப்பில்ல. நான்தான் ஆயிரம் ஆகட்டும்னு…" என்று சகலை ஆரம்பித்தான்.

"நீ வாயை மூடு."

ஃபோர்மேன் படியில் உட்கார்ந்தார். அவருக்கும் அறுபதை நெருங்குகிற வயது. அவர் கையிலும் ஒரு நம்பர் இருந்தது, மை பரவிப் படிக்க முடியாமல். தெருவில் போகிற வண்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று கொக்கு காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலை.

"உன் நம்பரை நம்பி நான் கையெழுத்துப் போட்டிருக்கேன் கொக்கே," என்றார் கடைசியில். "அறுபத்திரண்டு எடத்துல."

"தெரியும்."

"எக்ஸ்ரே நல்லா இருக்குங்கறது வேற விஷயம்."

"தெரியும்."

அவர் சகலையைப் பார்த்தார். "நாளைக்குக் காலையில அறுபத்திரண்டு ஜாயிண்ட்டுக்கும் ஏறுற. ஒவ்வொண்ணுலயும் முப்பத்தொண்ணுக்கு முன்னால உன் நம்பரை அடிக்கிற. எடம் இருக்கோ இல்லையோ, அது உன் பாடு. பேப்பரை நான் திருத்தறேன். என்ன கேப்பாங்களோ, கேக்கட்டும்." பிறகு கொக்கைக் காட்டினார். "இவரு லைட்டைப் பிடிக்கட்டும். அதான் பழக்கமாயிருச்சே."

சகலை தலையைக் குனிந்துகொண்டான்.

"அது முடிஞ்சதும் நீ சப்போர்ட்டுக்குப் போயிரு கொக்கே. பன்ச்சைக் குடு."

கொக்கு கொடுத்தான். ஃபோர்மேன் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பை ஒரு பக்கமாக இழுத்துத் தொங்கியது. கொக்கு அந்தத் தொங்கலையே பார்த்துக்கொண்டிருந்தான். இரும்பு கொஞ்சம்தான், ஆனால் இடுப்பில் அது இல்லாததை அப்போதே உடம்பு கண்டுபிடித்துவிட்டது.

பச்சை குத்துகிற பெண் வாசலுக்கு வந்தாள். "சார், குத்தணுமா வேண்டாமா? அடுத்த ஆள் வர்ற நேரமாச்சு."

கொக்கு எழுந்திருக்கப் பார்த்தான், வீட்டுக்குப் போக. ஃபோர்மேன் தகட்டை அவன் மடியில் வைத்தார்.

"ரெண்டு பேர் போட்ட ஜாயிண்ட்டு ரெண்டு பேருக்கும் சேரும். அதுவும் பழைய சட்டம்தான். ஆயிரம் ஆயிரம்தான், அதை நான் அழிக்க முடியாது." எழுந்து பேண்ட்டைத் தட்டினார். "ஆனா ஒண்ணு. குத்தினா இதுல இருக்கிற மாதிரி முழுசாத்தான் குத்தணும். உன்னோடதை மட்டும் தனியாக் குத்தினேன்னா நானே உப்புத்தாள் போட்டுத் தேச்சுருவேன்."

அவர் போய்விட்டார். உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை.

"என் நம்பர் உங்க கையிலயா?" என்றான் சகலை. "என் பொண்டாட்டி பாத்தா என்ன சொல்லுவா?"

"தைலம் தேய்ச்சவ அவ. அவ நம்பர் இருந்தா அதையும் அடிச்சிருப்பேன்."

"யாரு சொன்னது, அவளா?"

"பெல்ட்டுல தொங்கினதைக்கூட சொன்னா. ஏணியாம், முட்டியாம்."

சகலை காதைச் சொறிந்துகொண்டான்.

கொக்கு தகட்டோடு உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்தான். அந்தப் பெண் அவன் கையை நாற்காலியின் பலகையில் மலர்த்தி வைத்து, விரலால் அழுத்திப் பார்த்தாள். "தழும்பு நெறைய இருக்கு சார். தழும்பு மேல மை சரியா நிக்காது. முப்பத்தொண்ணோட கடைசி ஒண்ணு ஒரு தழும்புல விழும். கொஞ்சம் கீழ எறக்கட்டுமா?"

"அங்கயும் ஒண்ணு இருக்கும்மா. போற எடத்துல போடு."

ஊசி ஓட ஆரம்பித்தது. பொறி விழுவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. மெஷின் சத்தம் தூரத்து கிரைண்டர் மாதிரி ஒரே சுருதியில் கேட்டது. நாற்காலி மெத்தென்று இருந்தது. நாளைக்கு அறுபத்திரண்டு ஏணி ஏற வேண்டும். அதற்குப் பிறகு ஒரு துளையைத் தேட வேண்டியதில்லை. கண் இப்போதும் எரிந்தது. மூடிக்கொண்டான்.

"இவர் என்ன, தூங்கிட்டாரா?" என்றாள் அந்தப் பெண் கொஞ்ச நேரத்தில். "இந்த நாற்காலியில அழுதவங்களைப் பாத்திருக்கேன், மயங்கினவங்களைப் பாத்திருக்கேன். தூங்கினவங்களைப் பாத்ததில்ல. கை நழுவுது சார், யாராவது பிடிங்க."

சகலை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த நீளக் கையை மணிக்கட்டில் பிடித்துக்கொண்டான். ஐந்து முடிந்து எட்டின் முதல் வளைவு வந்திருந்தது. ஒரு கொட்டாவி வந்தது அவனுக்கு, வாய் முழுக்க. இன்னொரு கையால் அதை மூடிக்கொண்டான்.

"நீங்களும் தூங்கிராதீங்க," என்றாள் அவள்.

"இல்லம்மா," என்றான் அவன். "நீ குத்து."