இரண்டடி வழி

ஐஸ் பெட்டி நிலைப்படியைத் தாண்டியதும் மாட்டிக்கொண்டது. பாதி உள்ளே, பாதி மழையில்.

"திருப்புங்கய்யா."

"எங்கங்க திருப்புறது? மூஞ்சிக்கு நேரா பலக நிக்குது."

எழில்மதி அந்தப் பலகையின் மறுபக்கம் நின்றிருந்தாள். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே, தரையிலிருந்து கூரை வரை தேக்கு நிறத்தில் ஒரு மரத்தடுப்பு. சென்னையில் உள் அலங்காரம் படித்துவிட்டு வந்து அவள் செய்த முதல் வேலை, சொந்த வீட்டிலேயே. தெருவில் போகிறவர்களுக்கு அடுப்படி வரை தெரிகிறது என்று தடுப்பு வைத்தாள். செருப்பு அலமாரி போக, இடது ஓரத்தில் இரண்டடி வழி விட்டாள். இந்தத் தடுப்பின் படத்தைக் காட்டித்தான் காரைக்காலில் இரண்டு வீடுகள் அவளுக்குக் கிடைத்தன.

அப்பா நீலமேகம் விடிகாலையில் படுக்கையறைக் கட்டிலில் இறந்துபோயிருந்தார். அண்ணன் மாறன் துபாயிலிருந்து வந்து சேர நாளை மதியமாகும். அதுவரை பெட்டி வேண்டும்.

"கொல்லப்பக்கமா கொண்டாந்துடலாம். நாளைக்கு எடுக்கறதும் அப்படியே எடுத்துக்கலாம்," என்றார் சித்தப்பா இளையபெருமாள்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள். "அவரு என்ன நெல்லு திருடிட்டா போறாரு, கொல்லப்பக்கமா போவ? கூடத்துல கெடக்கணும். வாசல் வழியா போவணும்."

எழில்மதியை யாரும் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க எல்லாரும் சிரமப்பட்டார்கள்.

தச்சர் கோவிந்தராசு மாலையோடு துக்கத்துக்குத்தான் வந்திருந்தார். மாலையை அலமாரி மேல் வைத்துவிட்டுத் தடுப்பைத் தட்டிப் பார்த்தார்.

"ஸ்க்ரூ போட்ருந்தா கழட்டிறலாம். நீதான் பாப்பா, ஸ்க்ரூ தல வெளிய தெரியக்கூடாதுன்னு பசை வச்சு ஒட்டச் சொன்ன."

"ஆமாண்ணே."

"அறுக்கத்தான் வேணும். அறுத்தா திருப்பிச் சேராது."

தடுப்பு வேலை முடிந்த அன்று அப்பா அந்த வழியில் நின்று கைகளை விரித்துப் பார்த்தார். முழங்கை இடித்தது. "அழகா இருக்கும்மா," என்றார். அதன் பிறகு நெல் மூட்டைகள் கொல்லை வழியாக வந்தன. சாயங்காலம் கடல்காற்று வாங்க அவர் கூடத்தில் போட்டிருந்த நாற்காலியும் கொல்லைக்குப் போனது. அங்கே காற்று வராது. ஏன் என்று அவள் கேட்கவில்லை.

வழியை அவள் அளந்துதான் விட்டிருந்தாள். நடந்து போகிறவர்களுக்கு மட்டும்.

"அறுங்கண்ணே."

"ஒன் மொத வேல பாப்பா..."

"அறுங்க."

கோவிந்தராசு தன் வீட்டுக்கு ஆளனுப்பி ரம்பத்தை வரவழைத்தார். பலகை சரிந்துவிடாமல் எழில்மதி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். ரம்பம் இழுபட இழுபட அதிர்வு தோள்வரை ஏறியது. மரத்தூள் அவள் பாதங்களை மூடியது. கடைசிப் பலகையும் அலமாரியும் வெளியே போனபோது, ஈரக்காற்று வாசலிலிருந்து நேராகக் கூடத்துக்குள் வந்தது.

"வெளக்கு அணையப் போவுது, மொறத்த வச்சு மறைங்கடி," என்று யாரோ கத்தினார்கள்.

மறுநாள் அப்பா நாலு பேர் தோளில் வாசல் வழியாகவே போனார். யாரும் எங்கும் திரும்ப வேண்டியிருக்கவில்லை.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். தடுப்பு நின்ற இடத்தில் தரை ஒரு கோடாக வெளுத்திருந்தது. எழில்மதி அதன்மேல் இரண்டு முறை தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். கோடு அப்படியே இருந்தது.

அம்மா வாசலுக்குப் போய்த் தெருக்கோடி வரை பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். எதிரே கூடம் திறந்து கிடந்தது. அவள் நேராக வரவில்லை. இடப்பக்கம் திரும்பி, சுவரை ஒட்டி நடந்து, முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, உடம்பை ஒருக்களித்து உள்ளே நுழைந்தாள்.