பாரம் குறையாத வண்டி

மைசூர் மண்டி மொஹல்லாவின் சந்துகளில் காளிதாஸின் வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். வேகத்தடை மேல் ஏறி இறங்கும்போது அதன் அடிவயிறு ‘கர்ர்ர்’ என்று தரையைத் தேய்க்கும். உள்ளேயிருக்கும் பிள்ளைகள் ஒரே குரலில் “ஓஓ!” என்று கத்துவார்கள். டீக்கடையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். காளிதாஸ் மட்டும் சிரிக்க மாட்டான். ஒவ்வொரு முறையும் அவன் முகம் சுளிக்கும், தேய்ந்தது தன் முழங்கால்தான் என்பதுபோல.

அது ஒரு பழைய ஸ்டேஷன் வேகன். முன்னால் கார், பின்னால் சாமான் வைக்க நீளமான இடம். ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு ஊருக்குப் போய் வரச் செய்த வண்டி. காளிதாஸ் பின்பக்கத்தில் எதிரெதிராக இரண்டு பலகைகளை அடித்து அதைப் பள்ளிக்கூட வண்டி ஆக்கிவிட்டான். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை நம்பர் பலகைதான் அதற்கு. வாடகைக்குப் பிள்ளைகளை ஏற்ற அனுமதி இல்லை. ஐந்து பேர் உட்கார வேண்டிய இடத்தில் பன்னிரண்டு பிள்ளைகள். பின்கதவின் பூட்டு எப்போதோ போய்விட்டது; ஒரு நைலான் கயிறு அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. இது பெற்றோர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூட வாசலில் நிற்கும் காவலாளிக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? காலையில் பிள்ளை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் சரி என்று எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

காளிதாஸ் கெட்டவன் அல்ல. ஹனூர் பக்கத்தில் மழையை நம்பிய நிலத்தை விட்டுவிட்டு மைசூருக்கு வந்தவன். குடிப்பதில்லை, வேகமாக ஓட்டுவதில்லை. எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எது தூங்கிவிழும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவன் குறை ஒன்றுதான். யாராவது கெஞ்சினால் முடியாது என்று சொல்ல வாய் வராது. ஒரு பிள்ளை கூடினால் வீட்டுக்கும் கொஞ்சம் தாராளமாக இருக்குமே என்ற ஆசையும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

தசரா விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது, மாநகராட்சி புண்ணியத்தில் அந்த வழியில் புதிதாக இன்னும் சில வேகத்தடைகள் முளைத்திருந்தன. முதல் நாளே சைலன்சர் இடித்து நசுங்கியது. அன்று சாயங்காலம் காளிதாஸ் ஒரு முடிவோடு ஜடையனின் பட்டறைக்குப் போனான். ஜடையன் ஜன்னல் கம்பியும் கேட்டும் பற்றவைக்கிறவன், அவனும் ஹனூர்க்காரன்தான்.

“டேய் ஜடையா, என்ற வண்டியக் கொஞ்சம் ஒசத்தோணும். ஹம்ப்ஸ்ல ஏறுனா வயிறு தேயுது. முன்னாடி ஸ்பிரிங்குக்கு மேல வெக்கறதுக்கு ரெண்டு கனத்த இரும்பு வட்டம் அறுத்துக் குடு. பின்னாடி ஸ்பிரிங்குக்குள்ள லாரி டயர் ரப்பர வெட்டிச் சொருகிக்கலாம்.”

“இதெல்லாம் யாருடா உனக்குச் சொன்னது?”

“போன்ல பாத்தேன்டா. ஒருத்தன் வீட்டு வாசல்லயே பண்றான். ஒண்ணும் பெரிய வேலையில்ல.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தில் வண்டியை ஜாக்கி போட்டு நிறுத்தி, இருவரும் வேலையைத் தொடங்கினார்கள். காளிதாஸ் கைவேலையில் கெட்டிக்காரன்தான். பின்பக்கம் சுலபமாக முடிந்தது. முன்பக்கம் இரும்பு வட்டத்தை வைத்து முடுக்கியதும் ஜடையன் சக்கரத்துக்குள் தலையை விட்டுப் பார்த்தான்.

“இங்க பாரு. பிரேக் ஆயில் போற ரப்பர்க் குழாய் வெறப்பா இழுத்துக்கிட்டு நிக்குது. வண்டி மேல போயிருச்சு, குழாய் அதே நீளந்தான இருக்கும்?”

காளிதாஸும் குனிந்து பார்த்தான். குழாயை நடுவில் ஒரு கொக்கி பிடித்துக்கொண்டிருந்தது. அவன் அந்தக் கொக்கியிலிருந்து குழாயைக் கழற்றினான். உடனே அது தொய்ந்து தாராளமாகத் தொங்கியது. தொங்கிய குழாயைக் கட்டுக்கம்பியால் ஒரு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டான். அடுத்த பக்கமும் அப்படியே.

“ஆச்சு, பாத்தியா? இப்ப இழுக்கல.”

“அந்தக் கொக்கிய கம்பெனிக்காரன் சும்மாவா வெச்சிருப்பான்? ஒருக்கா மெக்கானிக் கிட்டக் காட்டீரு காளி. எனக்கு கேட்டும் கம்பியும் பத்தவெக்கத் தெரியும். பிரேக்கு தெரியாது.”

“காட்டலாம், காட்டலாம்.”

காட்டவில்லை. நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் உண்மைக் காரணம் வேறு என்பது அவனுக்கே தெரியும். மெக்கானிக் பின்கதவைத் திறப்பான், பலகைகளைப் பார்ப்பான், எத்தனை பிள்ளைகளை ஏற்றுகிறாய் என்று கேட்பான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவன் தயாராக இல்லை. அதற்குப் பதிலாக நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சூடம் காட்டி, வண்டியை எடுத்துவிட்டான்.

திங்கட்கிழமை வண்டி வேகத்தடை மேல் ஏறி இறங்கியது. சத்தமே இல்லை. பிள்ளைகள் ஏமாந்துபோனார்கள். “அங்கிள், இன்னைக்கு ஏன் கர்ர்ர் வரல?” என்று கேட்டார்கள். பெற்றோர்களோ வியந்துபோனார்கள். தேவராஜ மொஹல்லாவில் துணிக்கடை வைத்திருக்கும் கணேஷ்குமார், மகன் சுதர்ஷனை ஏற்றிவிட்டு வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“ஏன்ப்பா காளிதாஸ், ஜீப் மாதிரி ஆக்கிட்டியே! சூப்பர். இனிமே இன்னும் ரெண்டு புள்ளைங்களத் தாராளமா ஏத்தலாம்.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வாரமே அது நடந்தது. அன்னபூர்ணி என்ற வங்கி அதிகாரி வந்தாள். அவள் மகள் அக்ஷதா இரண்டாம் வகுப்பு. அதுவரை போய்க்கொண்டிருந்த மஞ்சள் வேன் வேறு பகுதிக்கு மாறிவிட்டது. இந்தப் பக்கத்து இன்னொரு வேன்காரர் எண்ணிக்கைக்கு மேல் ஒரு பிள்ளைகூட ஏற்ற மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

“அந்த மனுஷன் ரொம்ப ரூல்ஸ் பேசறார். நீங்களாவது பாருங்கோ. ஒல்லியா இருக்கா, எங்கயாவது ஒட்டிண்டு உக்காந்துப்பா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்கோ.”

“இடமே இல்லீங்களே அம்மா...” என்று காளிதாஸ் இழுத்தான். இழுத்தது ஒரு நிமிஷம்கூட இல்லை. அக்ஷதா பின்பலகையின் ஓரத்தில், கயிறு கட்டிய கதவை ஒட்டி உட்கார்ந்தாள். அவளோடு சேர்ந்து இன்னொரு பிள்ளையும் வந்தது. ஆகப் பதினான்கு.

மண்டி மொஹல்லாவின் சந்துகளைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லி மாளாது. ஒவ்வொரு முனையிலும் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடிக்க வேண்டும். அப்படி ஒடிக்கும் ஒவ்வொரு முறையும், கட்டுக்கம்பி தளர்ந்து தொங்கிய அந்த ரப்பர்க் குழாய் டயரின் உள்பக்கத்தில் உரசிக்கொண்டிருந்தது. யாருக்கும் தெரியாமல், தினமும் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது என்று சிவப்பு விளக்கு எரிந்தது. காளிதாஸ் ஒரு டப்பா வாங்கி ஊற்றினான். விளக்கு அணைந்தது. மூன்றாம் நாள் மறுபடியும் எரிந்தது. மறுபடியும் ஊற்றினான். பெடல் கொஞ்சம் மெத்தென்று இருப்பதாகக் காலுக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் காட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் அன்று வியாழக்கிழமை. பரீட்சை நடந்துகொண்டிருந்தது. வாசலில் பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

ரயில் பாதைக்கு அடியில் போகும் கீழ்ப்பாலத்துக்கு நீளமான சரிவு ஒன்று உண்டு. அதன் தலைப்பில் வண்டி திரும்பியபோது பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கீழே, பாலத்தின் வாயில், தேங்கிய தண்ணீரைக் கண்டு ஸ்கூட்டர்கள் கூட்டமாகத் தயங்கி நின்றன. ஒரு ஸ்கூட்டரில் முன்னால் ஒரு குழந்தை நின்றுகொண்டிருந்தது. காளிதாஸ் பிரேக்கை மிதித்தான்.

பெடல் பொதுக்கென்று உள்ளே இறங்கியது.

முழுதாகப் போய்விடவில்லை, பாதிக்கும் கீழே எங்கோ கொஞ்சம் பிடித்தது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, மனமில்லாமல் கொஞ்சம் வேகம் குறைந்தது. நிற்கவில்லை. பதினான்கு பிள்ளைகளின் பாரம் பின்னாலிருந்து தள்ளியது. மறுபடி மிதித்தான், மறுபடி மறுபடி மிதித்தான். “சாமீ, சாமீ” என்று அவன் வாய் தானாக முனகியது. முதல் கியருக்கு இழுத்தான், எஞ்சின் அலறியது. கைப் பிரேக்கைத் தூக்கினான், அதுவும் போதவில்லை. ஸ்கூட்டர்கள் நெருங்கிக்கொண்டே வந்தன. ஹாரனைக் கேட்டுத் திரும்பிய ஒரு பெண்ணின் முகம் வெளிறிப்போனதை அவன் பார்த்தான்.

“எல்லாரும் கெட்டியாப் புடிச்சுக்கங்க!” என்று கத்திவிட்டு ஸ்டீயரிங்கைச் சுவர்ப்பக்கம் ஒடித்தான்.

தாழ்வான வண்டியாக இருந்திருந்தால் சுவரில் உரசியபடியே போய் நின்றிருக்கும். இது உயர்த்தின வண்டி. ஒடித்த வேகத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இரண்டு சக்கரத்தில் ஒரு கணம் தொங்கி, பிறகு தடாலென்று விழுந்து சுவரில் மோதியது. கயிறு அறுந்தது. பின்கதவு திறந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த அக்ஷதா பையோடு சாலையில் போய் விழுந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு நகரப் பேருந்து வந்துகொண்டிருந்தது.

பேருந்தின் பிரேக் நன்றாக இருந்தது. அந்தக் குழந்தைக்கு ஒரு முழத் தூரத்தில் அது கிறீச்சிட்டு நின்றது.

காளிதாஸ் நெற்றியில் ரத்தம் வழிய ஓடிவந்து அக்ஷதாவைத் தூக்கினான். அவள் அழவில்லை. “அங்கிள், கை வலிக்குது” என்று மட்டும் சொன்னாள். அவள் கை முழங்கைக்குக் கீழே வளையக்கூடாத இடத்தில் வளைந்திருந்தது. அதைப் பார்த்ததும் அந்த மனிதன் நடுச்சாலையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெற்றோர்கள் திரண்டுவிட்டார்கள். நல்லவேளை, உயிருக்கு ஆபத்து யாருக்கும் இல்லை. அக்ஷதாவுக்குக் கை முறிவு, தலையில் தையல். சுதர்ஷனுக்கு உதடு கிழிந்திருந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புகள். நெற்றியில் கட்டுடன் நின்ற காளிதாஸை இரண்டு பேர் அடிக்கப் போனார்கள். கணேஷ்குமார் தடுத்து, அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“இப்ப எஸ்.ஐ. வருவார். புள்ளைங்க ஏழு பேர்னு சொல்லு. நாய் குறுக்க வந்துச்சுன்னு சொல்லு. நாங்க யாரும் வாயத் தொறக்க மாட்டோம். எத்தன பேர்னு தெரிஞ்சா உன்ன உள்ள வெப்பாங்க. நீங்க எதுக்கு ஏத்தினீங்கன்னு எங்களையும் கேப்பாங்க.”

காளிதாஸுக்குச் சபலம் தட்டியது. ஏழு என்று சொல்வது எவ்வளவு சுலபம்! நாய் வந்து மறுக்கவா போகிறது? வீட்டில் இருக்கும் மனைவி ஜோதிமணியின் முகம் நினைவுக்கு வந்தது. அவன் ஜெயிலுக்குப் போனால் அவள் என்ன செய்வாள்? அந்த நேரத்தில் சிகிச்சை அறைக் கதவு திறந்து அன்னபூர்ணி வெளியே வந்தாள். அவள் புடவையில் மகளின் ரத்தம் இருந்தது. அவள் யாரையும் திட்டவில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். “ஏனப்பா, ஒளகடெ எஷ்டு மக்களித்ரு?” உள்ளே எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள் என்று கேட்டார்.

கணேஷ்குமார் இருமினார். தாழ்வாரம் முழுவதும் காளிதாஸின் வாயையே பார்த்தது.

“ஹதினால்கு, சார்” என்று பதினான்கு பேரையும் ஒப்புக்கொண்டான் காளிதாஸ்.

பிறகு அவன் பேச்சு தமிழுக்குத் தாவிவிட்டது. அதிகாரிக்கும் தமிழ் புரிந்தது. “நாயெல்லாம் ஒண்ணும் வரலீங்க. பிரேக் கொழாய நாந்தான் கழட்டிக் கம்பியில கட்டுனேன். வெளக்கு எரிஞ்சப்பவே ஆயில ஊத்தி அணைச்சேன். மெக்கானிக் கிட்டக் காட்டுனா எத்தன புள்ளைகன்னு கேப்பான்னு பயந்துட்டுக் காட்டல. வண்டி தரையில தேஞ்சப்பல்லாம், பாரம் ஜாஸ்தியா இருக்குது, எறக்குன்னு அது சொல்லிச்சுங்க. நான் பாரத்த எறக்கல. வண்டிய ஒசத்துனேன். ஒசத்திப்போட்டு இன்னும் ரெண்டு புள்ளைகளை ஏத்துனேன்.”

கூட்டத்தில் யாரோ பல்லைக் கடிப்பது கேட்டது. அன்னபூர்ணி நிமிர்ந்தாள்.

“அந்த ரெண்டுல ஒண்ணு என் பொண்ணு, சார். இடமில்லைன்னு இவர் சொன்னார். நான்தான் அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னேன். ரூல்ஸ் பேசினவர் கெட்டவராத் தெரிஞ்சார், சரின்னவர் நல்லவராத் தெரிஞ்சார் எனக்கு. என் பேரையும் எழுதிக்கோங்கோ.” அவள் குரல் உடைந்தது. “இடமில்லாத வண்டியில ஒரு இடம் கேக்கறோமே, அது யாரோட இடம்? உள்ள இருக்கற குழந்தைங்க எல்லாரோட உயிர்லேர்ந்தும் கொஞ்சம் கொஞ்சம் பிடுங்கித்தான் அந்த இடம் வரது. டிரைவர் மட்டும் பண்ற தப்பில்ல இது. நாம எல்லாரும் சேர்ந்து பண்றது.”

எஸ்.ஐ. எழுதத் தொடங்கினார். காளிதாஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நெஞ்சில் பல நாளாக அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று விலகியிருந்தது.

கணேஷ்குமார் தள்ளிப்போய் ஜன்னலோரம் நின்று போனை எடுத்தார். நாளைக்கும் பரீட்சை இருக்கிறதே! வேறொரு வேன்காரரைக் கூப்பிட்டார்.

“ஒரே ஒரு பையன்தான்... ஆமா, தெரியும், ஃபுல்தான்... மடியில உக்கார வெச்சாக்கூடப் போதும்...”

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. சரி, அனுப்புங்க, பாத்துக்கலாம் என்றுதான் வந்திருக்க வேண்டும். அந்தச் சமயத்தில் ஸ்ட்ரெச்சரில் அக்ஷதாவை எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோனார்கள். கட்டுப்போட்ட தலையோடு அவள் அவரைப் பார்த்து, “அங்கிள், சுதர்ஷன் எங்க?” என்று கேட்டாள்.

கணேஷ்குமார் போனைக் காதில் வைத்தபடியே நின்றார். கண்கள் கலங்கிவிட்டன.

“வேண்டாம்ப்பா” என்றார் போனில். “என் பையன ஏத்தாத. நானே கொண்டுபோய் விட்டுக்கறேன். நீ கீழ எறங்கிப் பின்கதவத் தொறந்து, இருக்கற புள்ளைங்களை ஒரு தடவை எண்ணிப் பாரு.”