ஆறு மாதக் கேரண்டியில் பொங்காத பால்

1

இந்தக் கதை என் மிக்ஸியிலிருந்து பிறந்தது. வாரண்டி முடிந்த மறு வாரமே அது புகை கக்கியது. கம்பெனிக்குப் புகார் எழுத உட்கார்ந்தவள், இரண்டாவது வரியிலேயே கோத்தகிரிக்குப் போய்விட்டேன்.

2

முதல் தொடக்கம்: மலைமுகட்டில் மஞ்சு தவழ்ந்த அந்த இனிய காலையில் மரகதம்—

(வேண்டாம். கார்த்திகை மாதத்து மஞ்சு தவழாது. சளி பிடிக்க வைக்கும்.)

இரண்டாவது: எழுபதுகளில் ஒரு கார்த்திகைக் கடைசி நாள். மரகதம் ஒரு பம்ப் ஸ்டவ்வைப் பிள்ளைபோல இடுப்பில் வைத்துக்கொண்டு மருதாசலத்தின் பாத்திரக் கடைப் படியேறினாள். பின்னால் அவள் கணவன் வடிவேல், கையில் பால் போத்தலும்* சட்டியுமாக.

இதையே வைத்துக்கொள்வோம்.

(* பாட்டில் என்றுதான் எழுதினேன். மரகதம் ஒப்பவில்லை.)

3

கல்யாணமான கையோடு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் வேலை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. இன்னொரு குடும்பத்தோடு ஒரே அறை, நடுவில் ஒரு சேலைத் திரை. அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடும்.

வந்த புதிதில் வாங்கிய ஸ்டவ்வை மரகதம் சாக்கைவிட்டுப் பிரிக்கவே இல்லை. சொந்த வீட்டில் முதல் பால் காய்ச்சத்தான் அதைப் பற்றவைப்பாளாம். எஸ்டேட்டில் தனி வீடு ஒதுக்குவதற்குள் ஸ்டவ்வின் ஆறு மாதக் கேரண்டி போய்விட்டது.

இன்று காலை புது வீட்டில் சுடர் நீலமாக எழுந்தது. பால் சூடேறுவதற்குள் காற்றிறங்கி அணைந்தது. நாளை மார்கழி. இன்று பால் பொங்காவிட்டால் தை பிறக்கும் வரை சேலைத் திரைதான்.

(விறகடுப்பில் காய்ச்சலாமே என்கிறீர்களா? வடிவேலும் சொன்னான். அவள் பார்த்த பார்வையில் ஈர விறகே பற்றியிருக்கும்.)

4

"ஏனுங்கம்மணி, ஆறு மாசம் தாண்டிப் போச்சுங்களே" என்றார் மருதாசலம்.

"பிரிச்சதே இன்னைக்கித்தானே மொதலாளி! அது வரைக்கும் சாக்குக்குள்ள தூங்குச்சு. தூங்கினதுக்கும் கணக்கா?"

"வாங்குன நாள்ல இருந்துதானுங்க கணக்கு. நீங்க கட்டிலுக்கடியில வெச்சுப் பூசை பண்ணுனா நானென்ன பண்றதுங்க?"

"கட்டில் ஏது? இவருதான் தலைக்கு வச்சுப் படுத்தாரு."

வடிவேல் பின்னந்தலையைத் தடவிக்கொண்டான். கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மருதாசலத்துக்கு ரோஷம் வந்தது.

"எங்கடையில ஓட்டை ஸ்டவ் வித்ததே இல்லீங்க. இப்பவே பத்த வெக்கறேன். எரியலைன்னா தேதியே பாக்காம மாத்திக் குடுக்கறேன், போதுங்களா?"

"வெறும் நெருப்பக் காட்டி ஏமாத்தப்படாது. பால் பொங்குற வரைக்கும் எரியணும்." மரகதம் ஸ்டவ்வின் மேல் சட்டியை வைத்துப் பாலை ஊற்றினாள். "ஆனா ஒண்ணு மொதலாளி. மொதப் பால் பொங்குற எடந்தான் எங்களுக்கு வீடு. இங்க பொங்கிருச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் இங்கனயே இருந்துக்கிறோம்."

மருதாசலம் பம்பில் வைத்த கையை அழுத்தவுமில்லை, எடுக்கவுமில்லை.

5

இந்த இடத்தில்தான் நிற்கிறேன். ஒரு முடிவில், அவர் சிரித்துக்கொண்டே புது ஸ்டவ் எடுத்துத் தருகிறார். (என் வாசகிகளுக்குப் பிடிக்கும். மிக்ஸி கம்பெனி சிரிக்கவில்லையே!) இன்னொன்றில் மரகதம் நேராக நுகர்வோர் கோர்ட்டுக்கு— அப்போது ஏது அந்தக் கோர்ட்?

மூன்றாவதில் பால் பொங்கிவிடுகிறது. அதை எழுதும்போதுதான் மரகதத்தின் கையைக் கவனித்தேன். சவால் விட்டவள் முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். இங்கே பொங்கிவிட்டால் அவள் வீட்டுக்கு என்ன மிச்சம்?

என்னால் ஆகாது. தீப்பெட்டி கல்லாவின் மேல் இருக்கிறது. நீங்கள் உரசுங்கள், அல்லது ஒளித்து வையுங்கள். எதுவானாலும் சீக்கிரம். வடிவேல் இப்போதே கடையின் பின்னறையை எட்டிப் பார்க்கிறான், பாய் விரிக்க இடம் இருக்கிறதா, நடுவில் திரை ஏதும் தொங்குகிறதா என்று.