சிவப்புத் தடிக்குள் புழு

புழு எண்ணுவதும் ஒரு உத்தியோகமா என்று வற்றாப்பளையில் கேட்காத வாய் இல்லை. கமலாசனிக்கு அதுதான் உத்தியோகம். நந்திக்கடல் களப்பின் ஓரத்தில் அழிந்துபோன கண்டல் காட்டைத் திரும்ப உண்டாக்குகிற திட்டம் அது. சேற்றுக்குள் குழாயை இறக்கி, வந்த சேற்றை அரிதட்டில் கழுவி, மிஞ்சுகிற புழுவையும் மட்டியையும் எண்ணிச் சொல்ல வேண்டும். புழு வந்தால் நண்டு வரும், இறால் வரும், கொக்கு வரும். புழு இல்லாவிட்டால் நிலத்தை இறால் பண்ணைக்குக் கொடுத்துவிடுவார்கள். அங்கே நிற்கிற கன்றுகளில் பாதி அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று நட்டவை. அதை எவனோ ஒரு பண்ணைக்காரன் மெஷினால் வழிப்பதை நினைத்தாலே அவளுக்கு நித்திரை போய்விடும்.

புழு வரத்தான் செய்தது. வந்ததை இருக்க விட்டால்தானே! மீனுக்கு அதைவிட நல்ல இரை கிடையாது. காலையில் மண்வெட்டியும் டின்னுமாக ஊரே இறங்கிவிடும். அதில் முதல் ஆள் அவளுடைய கூடப்பிறந்த தம்பி யோகலிங்கம்.

"டேய், நான் எண்ணிற புழுவை நீ தூண்டில்ல கொழுவிறியே, வெக்கமில்லையே உனக்கு?"

"நீ எண்ணிப்போட்டு விடுறதைத்தானே அக்கா நான் எடுக்கிறன்."

இவனோடு கதைத்து என்ன பிரயோசனம்?

அந்தச் சண்டைக்கும் அவள் தடி நட்டதற்கும் சம்பந்தமில்லை, சத்தியமாக. தண்ணீர் ஏறினால் புழு எடுக்கிற இடம் அடையாளம் தெரியாமல் போகிறதே என்று, வீட்டு கேற்றுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்றைத் தடிகளின் தலையில் பூசி, சுற்றிவர நட்டாள். அவ்வளவுதான். மறுநாள் களப்பில் ஒரு சனம் இல்லை. மாட்டைக்கூட யாரும் அவிழ்த்து விடவில்லை. வன்னியில் சிவப்புத் தலைத் தடி என்றால் என்னவென்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மிதிவெடி.

கமலாசனிக்கு விளங்கியது. விளங்கியும் வாயைத் திறக்கவில்லை. கடைக்கார வடிவம்மா, "பிள்ளை, இவ்வளவு நாளும் அதுக்குள்ள எப்பிடி நிண்டனீ? வற்றாப்பளை அம்மாள்தான் காப்பாத்தினவா" என்று கண்கலங்கியபோது, "ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டுச் சீனியை வாங்கிக்கொண்டு வந்தாள். சேற்றில் புழு அள்ள அள்ள வந்தது.

கதை பரவி, கடைசியில் மிதிவெடி எடுக்கிறவர்களின் காதுக்கே போய்விட்டது. கவசச் சட்டையும் முகக் கண்ணாடியுமாக வந்து இறங்கினார்கள்.

"தடி நட்டது ஆர்?" என்று அவர்களின் தலைவர் கேட்டார்.

ஊர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. கமலாசனி தன் காலைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் நாளைக்கே மண்வெட்டி இறங்கும்.

"இது எங்கட தடியும் இல்லை," என்றார் தலைவர். "அப்ப இன்னும் கவனமாத்தான் பாக்கவேணும்."

முழங்காலை ஊன்றி இருந்து, ஒரு விரல் இடம் விடாமல் சேற்றைக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். ஒரு தேநீர்க் கேத்தில் மூடியும் துருப்பிடித்த சைக்கிள் மணியும் அகப்பட்டன. "ஒண்டுமில்லை, பயப்பிடாமல் இறங்குங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தடியைப் பிடுங்கவில்லை. தாங்கள் நடாத தடியைப் பிடுங்கத் தங்களுக்கு அனுமதி இல்லையாம்.

ஊர் நம்புமா? "ஒண்டுமில்லாத இடத்தில அவங்கள் ஏன் அப்பிடிப் பதுங்கிப் பதுங்கி நடந்தவங்கள்?" என்று வடிவம்மா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கேட்டார்.

பிறகு திட்ட அதிகாரி ஜனார்த்தனன் வந்தார். அவர் கண்ணால் புழுவைக் கண்டால் திட்டம் தொடரும். காணாவிட்டால் நிலம் பண்ணைக்கு. தடிகளைக் கண்டதும் மனுசன் ரோட்டிலேயே நின்றுவிட்டார்.

"நீங்கள் போய் எடுங்கோ கமலாசனி. நான் இஞ்ச நிண்டு பாக்கிறன்."

மிதிவெடிக்காரர் போனபிறகு அவள் இறங்கப் போவது இதுதான் முதல்தரம். குழாயைத் தூக்கிக்கொண்டு தடிவரைக்கும் போனாள். கால் வரவில்லை. தன் கையால் பூசிய பெயின்ற், தன் கையால் நட்ட தடி. ஆனாலும் அந்தக் கவசச் சட்டைக்காரர் முழங்காலில் இருந்த இருப்பு கண்ணுக்குள்ளேயே நின்றது. எடி விசரி, நீயே நட்ட தடியடி என்று தன்னைத்தானே ஏசினாள். கால் கேட்கவில்லை. இத்தனை பாடுபட்டும் கண்டலெல்லாம் போகப்போகிறதே என்று அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்து யோகலிங்கம் டின்னும் கையுமாக வந்து, அவளைத் தாண்டித் தடிக்குள் இறங்கினான்.

"ஐயோ தம்பி! வாடா வெளியில!"

"ஏனக்கா குளறுறாய்? எங்கட கேற்றுப் பெயின்ற்தானே, நான்தானே கேற்றுக்கு அடிச்சனான்." குரலைத் தாழ்த்தினான். "கண்டவுடனயே தெரியும். நீ போனபிறகு நான் ஒவ்வொரு நாளும் வாறனான். போட்டிக்கு ஒரு ஆள் இல்லை."

அடப் பாவி! அவனை அந்தச் சேற்றிலேயே அமுக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

"முன்னுக்கு நட," என்றாள்.

அவன் நடந்தான். அவன் அடி பதிந்த இடத்தில் அவள் அடி வைத்தாள், அச்சுப் பிசகாமல். யுத்தம் முடிந்த அந்த வைகாசியில் இதே களப்பை ஊரே இப்படித்தான் கடந்தது, முன்னால் போகிறவரின் கால் பட்ட இடத்தில் மட்டும் கால் வைத்து. அப்போது அவள் முன்னால் போனாள். யோகலிங்கம் பின்னால் வந்தான்.

முதுகுக்குப் பின்னால் சளக் என்றது. திரும்பினால் ஜனார்த்தனன், சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, அவளுடைய அடியில் அடி வைத்து வந்துகொண்டிருந்தார்.

குழாயை இறக்கினாள். அரிதட்டில் சேறு கரையக் கரையப் புழுக்கள் நெளிந்தன.

"இருக்கு, இருக்கு!" என்று சின்னப் பிள்ளைபோல் கத்தினார் ஜனார்த்தனன். "இன்னும் மூண்டு வருசத்துக்கு இந்த நிலத்தை ஒருத்தரும் தொடேலாது. நீங்கள்தான் தொடர்ந்து எண்ணவேணும்."

மூன்று வருசம். கமலாசனி சுற்றிவர நின்ற சிவப்புத் தலைகளைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் குனிந்து டின்னை நிரப்பிக்கொண்டிருந்தான்.

"ஒரு டின்தான்," என்றாள் மெதுவாக. "அதுக்கு மேல ஒரு புழு எடுத்தாலும் கொல்லுவன். நாளைக்கும் வா. நீ வருமட்டும் நான் கரையில நிப்பன்."