மாடி வீட்டுப் பிள்ளை

ஆஸ்பத்திரியின் மூன்றாவது படியிலேயே தேவகனி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. அம்மா கிருபை கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். "ஒரு கோளாறும் இல்ல. பிள்ளை ஓடியாடி விளையாடுதாளா?"

"இல்ல டாக்டரம்மா. வீட்டுல இருக்காளா இல்லையான்னே தெரியாது. அவ்வளவு அமைதி." சொல்லி முடித்த பிறகுதான், அதைப் பெருமையாகச் சொல்லியிருப்பது கிருபைக்கு உறைத்தது.

"மருந்து ஒண்ணும் வேண்டாம். அவள ஓட விடு" என்றார் டாக்டரம்மா.

உலகச் சண்டை முடிந்த மறுவருடம் கணவன் பொன்னுதுரைக்குத் தூத்துக்குடியில் கப்பல் ஆபீஸ் குமாஸ்தா வேலை கிடைத்தது. அதுவரை நாசரேத்துக்கு வெளியே, பனங்காட்டை ஒட்டிய வீடு. சாப்பிடக் கூப்பிட்டால் தேவகனி எந்தத் திசையிலிருந்து ஓடி வருவாள் என்று சொல்ல முடியாது. இங்கே பஞ்சு மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கிகள் இருந்த தெருவில் மாடியில் ஓர் அறை. தரை மரப்பலகை. கீழே, வீட்டுக்காரி வடிவம்மாளின் கணவர் இழுப்பு நோயில் படுத்திருந்தார். இரவெல்லாம் இருமிவிட்டுப் பகலில்தான் கண்ணயர்வார். முதல் வாரமே வடிவம்மாள் படியேறி வந்தாள். "கோவிச்சுக்கிடாத தாயி. பிள்ளை குதிச்சா அவுக முழிச்சிக்கிடுதாக." சண்டைக்கு வந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அவள் கெஞ்சினாள். தெருவில் விடலாமென்றால் விடிந்ததிலிருந்து பொதி வண்டிகளும் லாரிகளும். "ஏளா, உக்காரு" என்று கிருபை எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ. பிறகு சொல்ல வேண்டியே இருக்கவில்லை.

"ஓட விடக் கடக்கரைக்கா?" என்றான் பொன்னுதுரை அன்று சாயங்காலம். "பெரிய மனுசி ஆகப்போற பிள்ளை. ஆபீஸ் ஆளுக அங்கனதான் நிப்பாக. என்ன நெனைப்பாக?"

"நெனைக்கட்டும். உங்க மகளுக்கு மூணு படி ஏற முடியல."

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் இருவரும் போனார்கள். கரையேற்றிய வள்ளங்களின் நிழலில் சிலர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஓடுளா."

"எங்கம்மா?"

"எங்கயாச்சும்."

தேவகனி பத்தடி நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஈர மணலில் அவள் தடத்தைக் கிருபை பார்த்தாள். விரல்கள் மட்டும் பதிந்திருந்தன. குதிகால் எங்கேயும் இல்லை.

"காலை நல்லா ஊனி நட."

"சத்தம் கேக்காதாம்மா?"

கிருபை சேலையை முழங்காலுக்குத் தூக்கி இடுப்பில் செருகினாள். வலை பொத்தியவர்கள் நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. ஓடினாள். கல்யாணத்துக்குப் பிறகு ஓடியதே இல்லை. கால்கள் தாறுமாறாக விழுந்தன, விலாவில் குத்தியது. பின்னால் சிரிப்பு கேட்டது, அது கிட்டே வந்தது. தேவகனி அவளைத் தாண்டிப்போனாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இருமினாள், மறுபடியும் ஓடினாள்.

கிருபை மூச்சிரைக்க ஒரு வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போதும்" என்று கூப்பிட வாயெடுத்தவள் கூப்பிடவில்லை. தூரத்தில், இரண்டு வள்ளங்களுக்கு நடுவே மஞ்சள் பாவாடை ஒருமுறை தெரிந்து மறைந்தது. அதற்கும் அப்பால் மறுபடி தெரிந்தது.